142.86-ஐ ஏழால் பெருக்கினால் 1000 வரவில்லை: கேட் (கணினி வரைபட) அளவுகளும் தசம இடங்களும்

கேள்வி: 06.01.2025, மாலை 6:12

அண்ணா, ஒரு பம்ப்செட் பேஸ் பிளேட் வரைந்திருக்கிறேன். முதல் துளையிலிருந்து கடைசித் துளை வரை 1000 மி.மீ. நடுவில் சமமாக ஏழு இடைவெளி, மொத்தம் எட்டுத் துளை. ஒவ்வொரு இடைவெளியும் 142.86 என்று காட்டுகிறது. ஏழால் பெருக்கினால் 1000.02 வருகிறது. மொத்த அளவோ 1000 என்றே நிற்கிறது. கூட்டல் வரவில்லை என்று பட்டறையில் ட்ராயிங்கைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மென்பொருளின் கணக்கில்தான் ஏதோ கோளாறு என்று நினைக்கிறேன். தசமத்தை எட்டு இடத்துக்கு ஏற்றிவிட்டால் தீர்ந்துவிடுமா?

06.01.2025, இரவு 9:05

மென்பொருளில் கோளாறு இல்லை தம்பி. எட்டு இடமும் வேண்டாம்.

1000-ஐ ஏழால் வகுத்தால் 142.857142857 என்று முடிவில்லாமல் ஓடும். மாடலுக்குள் இருப்பது அந்த நீண்ட எண்தான். அளவை எழுதிக் காட்டும்போது மட்டும் இரண்டு இடத்தோடு நிறுத்தி 142.86 ஆக்குகிறது. இடைவெளி ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட 0.003 கூடுகிறது, ஏழும் சேர்ந்து 0.02. தசமமே இல்லாமல் வைத்திருந்தால் 143 என்று காட்டும், கூட்டினால் 1001. ஓரிடம் வைத்தால் 142.9, கூட்டினால் 1000.3. மூன்றிடம் வைத்தால் 142.857, கூட்டினால் 999.999. எட்டு இடம் ஏற்றினாலும் 1000.00000002 வரும். எத்தனை இடம் போனாலும் முழு 1000 கிடைக்காது.

பட்டறையில் திருப்பி அனுப்பியதும் நியாயம்தான். அவர்கள் கையில் இருப்பது தாள். உள்ளே மாடல் என்ன வைத்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஒரே தாளில் ஒன்றோடொன்று ஒத்துவராத இரண்டு அளவு இருந்தால் எதை எடுப்பது என்று கேட்பது அவர்கள் கடமை.

06.01.2025, இரவு 10:48

இன்னொன்று. 0.02 உங்கள் கண்ணில் பட்டது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அதே தாளில் இருக்கிறது.

நீங்கள் இணைத்த படத்தின் டைட்டில் பிளாக்கில் பொது டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்ற வரம்பு) ஐ.எஸ்.ஓ. 2768, மீடியம் வகுப்பு என்று இருக்கிறது. அந்தத் தரத்தின்படி 120-க்கு மேல் 400 வரையிலான அளவுக்கு ±0.5. சங்கிலிபோல ஒன்றன்பின் ஒன்றாக ஏழு அளவு கொடுத்தால், ஒவ்வொன்றும் தன் பங்குக்கு அரை மி.மீ. கூடவோ குறையவோ உரிமை பெறுகிறது. ஏழும் ஒரே பக்கம் சாய்ந்தால் 3.5 மி.மீ. அதே தாளில் மொத்த அளவு 1000-க்கு ±0.8 தான். 400-க்கு மேல் 1000 வரைக்கும் அதுதான் விதி. ஒரு கையால் ±3.5 கொடுத்து மறு கையால் ±0.8 கேட்கிறது அந்த ட்ராயிங். 0.02-ஐத் துரத்துவதற்கு முன்னால் இதைச் சரிசெய்ய வேண்டும்.

07.01.2025, காலை 7:30

எப்படிச் சரிசெய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லா அளவையும் ஒரே முனையிலிருந்து கொடுங்கள். முதல் துளை 0. பிறகு 142.86, 285.71, 428.57, 571.43, 714.29, 857.14, கடைசியில் 1000. ஆட்டோகேட்டில் ஆர்டினேட் டைமென்ஷன் அல்லது பேஸ்லைன் டைமென்ஷன் இதற்காகவே இருக்கிறது.

இப்படிக் கொடுத்தால் எந்தத் துளையிலும் தசமம் குறுக்கியதால் வரும் வேறுபாடு 0.005-ஐத் தாண்டாது, அடுத்த துளைக்குக் கடத்தப்படுவதும் இல்லை. பக்கத்துப் பக்கத்து எண்களைக் கழித்துப் பாருங்கள். ஐந்து இடத்தில் 142.86 வரும், இரண்டு இடத்தில் 142.85 வரும், மொத்தம் சரியாக 1000. மார்க்கிங் மேசையில் ஹைட் கேஜ் வைத்துக் கோடு போடுகிறவருக்கும் இதுதான் வசதி. ஒவ்வொரு தடவையும் கூட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

டிராஃப்டர் மிஷினில் பென்சிலால் வரைந்த காலத்தில் பெரியவர்கள் இதைத்தான் முதலில் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது வகுத்தலும் நாமே செய்ய வேண்டும் என்பதால் மிச்சம் எங்கே போகிறது என்பது கைக்குத் தெரியும். இப்போது அளவு தானாக வந்து விழுவதால் அந்த உணர்வு குறைந்துவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, புதிதாக வருகிறவர்கள் இதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

07.01.2025, இரவு 8:15

ஆட்டோகேட்டில் மூன்று வெவ்வேறு அமைப்புகளைப் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். அதைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

எல்.யூ.ப்ரெக் என்பது லிஸ்ட், டிஸ்ட் போன்ற கட்டளைகளும் ப்ராபர்ட்டீஸ் பட்டையும் எத்தனை தசமம் காட்ட வேண்டும் என்பதற்கு. டிம்டெக் என்பது டைமென்ஷன் எழுத்தில் எத்தனை தசமம் என்பதற்கு. இரண்டும் 0 முதல் 8 வரை போகும், இரண்டும் வெறும் காட்சி. கோட்டின் நீளத்தை இவை தொடுவதில்லை.

மூன்றாவது டிம்ஆர்என்டி. இதுதான் ஆபத்தானது. இதில் 0.5 என்று கொடுத்தால் எல்லா நீள அளவையும் அருகிலுள்ள அரை மி.மீ.க்குத் தள்ளிக் காட்டும். கோணத்துக்கு மட்டும் பொருந்தாது. டிம்டெக்கில் நான்கு தசமம் வைத்திருந்தாலும் டிம்ஆர்என்டி தன் வேலையைச் செய்யும். அப்போது உண்மையில் 12.7 இருந்தாலும் 12.5000 என்று வரும், பார்ப்பவர் நான்கு தசமம் வரை துல்லியம் என்று நம்புவார்.

நான் வேலை பார்த்த ஒரு பட்டறைக்கு வெளியிலிருந்து ஒரு ஸ்பேசர் (இடைவெளிக்காக வைக்கும் வளையம்) ட்ராயிங் வந்தது. அகலம் 12.5 என்று போட்டிருந்தது. கடைந்து கொடுத்தாயிற்று. அசெம்பிளியில் ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடுகிறது என்று திரும்பி வந்தது. அவர்களுடைய மாடலை வாங்கி அளந்தால் 12.7. அரை இஞ்சுப் பாகம் அது. யாரோ எப்போதோ கட்டட வரைபடத்துக்காகச் செய்த டெம்ப்ளேட்டில் டிம்ஆர்என்டி 0.5 உட்கார்ந்திருந்தது, அந்த டெம்ப்ளேட் கைமாறிக் கைமாறி எந்திர பாகத்துக்கு வந்துவிட்டது. அந்த ட்ராயிங்கில் எல்லா அளவும் .0 அல்லது .5-ல் முடிந்தது. அன்றிலிருந்து வெளித்தாள் எது வந்தாலும் கடைசி இலக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். எல்லாம் ஒரே மாதிரி முடிந்தால் மாடலைக் கேட்டு வாங்குவேன்.

07.01.2025, இரவு 8:40

மேலே விட்டுப்போனது: கையால் எழுதிய அளவு. டைமென்ஷன் எழுத்தில் <> என்ற குறி இருந்தால் மென்பொருள் அளந்த எண் அது. அதை அழித்துவிட்டு 25 என்று தட்டச்சு செய்தால், பிறகு கோடு 27 ஆக நீண்டாலும் தாளில் 25 என்றே இருக்கும். ப்ராபர்ட்டீஸ் பட்டையில் டெக்ஸ்ட் ஓவர்ரைடு என்ற இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். க்விக் செலக்டில் அதை வைத்தே வடிகட்டி எடுக்கலாம். தசமப் பிரச்சினை என்று எனக்கு வருகிற புகார்களில் கணிசமானவை கடைசியில் இதில்தான் முடிகின்றன.

08.01.2025, மதியம் 1:20

'கம்ப்யூட்டருக்கு 0.1 என்ற எண்ணே தெரியாது, பிழையெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது' என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி இங்கே பொருந்தாது.

கேட் மென்பொருள்கள் ஆயங்களைப் பெரும்பாலும் 64 பிட் மிதவைப்புள்ளி எண்ணாக வைக்கின்றன. 1985-ல் வந்த ஐ.இ.இ.இ. 754 தரம்தான் அடிப்படை. அதில் எண்ணின் இலக்கங்களுக்கு 53 பிட் துல்லியம் கிடைக்கும், அதாவது பத்தடிமானத்தில் பதினைந்து பதினாறு இலக்கம். இரண்டின் அடுக்குகளைக் கொண்டு 0.1-ஐ முழுதாகக் கட்ட முடியாது, அதனால் 0.1-உம் 0.2-உம் சேர்த்தால் 0.30000000000000004 வரும். இதெல்லாம் சரி.

ஆனால் அளவைப் பாருங்கள். 1000 மி.மீ.க்குப் பக்கத்தில், அப்படி வைக்கக்கூடிய அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 0.0000000000001 மி.மீ. ஓர் அணுவின் குறுக்களவில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 142.86 பிரச்சினைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எங்கே சம்பந்தம் வரும் என்றால், இரண்டு புள்ளி ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று மென்பொருள் தீர்மானிக்கும் இடத்தில். சாலிட்வொர்க்ஸ், சாலிட் எட்ஜ் போன்றவற்றுக்கு அடியில் ஓடும் பாராசாலிட் என்ற வடிவக் கணக்கு நிரல் ஒரு மீட்டரில் பத்து கோடியில் ஒரு பங்கை, அதாவது 0.00001 மி.மீ.யை எல்லையாக வைத்திருக்கிறது. ஃப்ரீகேட்டுக்கு அடியில் இருக்கும் ஓப்பன் கேஸ்கேட்டில் அந்த எல்லை 0.0000001. ஒரு மென்பொருளில் மூடிய சாலிட் இன்னொன்றில் திறந்த சர்ஃபேஸாக வந்து நிற்பதற்கு இந்த வேறுபாடு ஒரு காரணம். ஸ்டெப் கோப்பை (ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாடலைக் கொண்டுபோகும் கோப்பு) நோட்பேடில் திறந்து பார்த்தால், தூரத்துக்கான துல்லிய எல்லை எவ்வளவு என்று கோப்புக்குள்ளேயே எழுதியிருப்பதைப் பார்க்கலாம்.

08.01.2025, இரவு 9:30

மதியம் எழுதியதைத் தொடர்கிறேன், ஏனென்றால் உண்மையான சேதம் நடக்கும் இடம் இதுதான்.

காட்டும் எண்ணைக் குறுக்குவதால் மாடல் கெடாது. குறுக்கிய எண்ணை மறுபடி மாடலுக்குள் தட்டச்சு செய்யும்போதுதான் கெடுகிறது. திரையில் 142.86 என்று பார்க்கிறோம், அடுத்த ஸ்கெட்சில் 142.86 என்று அடிக்கிறோம். இப்போது உண்மையிலேயே 142.86. ஏழு துண்டும் அப்படிப் போட்டு மொத்தம் 1000 என்றும் கொடுத்தால், கன்ஸ்ட்ரெயின்ட் (கொடுத்த கட்டுப்பாடு) முரண்படுகிறது என்று ஸ்கெட்ச் சிவப்பாகும். மொத்தம் கொடுக்காவிட்டால் கடைசிப் புள்ளி 0.02 தள்ளி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மேலே சொன்ன 0.00001 எல்லைக்கு 0.02 என்பது ஒரு பெரிய பள்ளம். எக்ஸ்ட்ரூட் ஆகாது (தடிமன் ஏறாது), ஹேட்ச் (உள்ளே நிரப்பும் கோடுகள்) விழாது, யாரும் காரணம் கண்டுபிடிக்க முடியாமல் அரை நாள் போகும்.

அதனால் அளவுப் பெட்டியில் 142.86 என்று அடிக்காதீர்கள். 1000/7 என்று அடியுங்கள். ஃப்ரீகேட், ஃபியூஷன், சாலிட்வொர்க்ஸ் எல்லாமே கணக்கை அப்படியே வாங்கிக்கொள்ளும். பிறகு யாராவது அந்தப் பாகத்தைத் திறந்தாலும் இந்த எண் எங்கிருந்து வந்தது என்பது தெரியும். பழைய இஞ்சுப் பாகத்துக்கும் இதே வழிதான்: 5/16 இஞ்ச் என்பது 7.9375 மி.மீ., அதை 7.94 ஆக்கி அடிப்பதற்குப் பதில் 25.4*5/16 என்று கொடுங்கள். ஓர் இஞ்ச் என்பது துல்லியமாக 25.4 மி.மீ. என்று 1959-லேயே உடன்பாடு ஆகிவிட்டது, அதில் மிச்சம் எதுவும் இல்லை.

ஏற்கெனவே 0.02 இடைவெளி விழுந்த கோப்பு கையில் இருந்தால், ஆட்டோகேட்டில் பெடிட் கட்டளையின் ஜாயினில் ஃபஸ் தூரம் (எவ்வளவு இடைவெளி வரை ஒட்டலாம் என்ற எல்லை) கொடுத்து ஒட்டலாம். ஒட்டியபின் அளந்து பாருங்கள். அது எந்தப் புள்ளியை எங்கே நகர்த்தியது என்பது முக்கியம்.

09.01.2025, காலை 6:50

மரவேலை செய்யும் ஒரு நண்பர் கேட்டது: ஸ்கெட்ச்அப்பில் அளவுக்கு முன்னால் ~ என்ற குறி எதற்கு வருகிறது?

காட்டும் எண் முழுமையானது இல்லை, உண்மை அளவு அதற்குப் பக்கத்தில் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு மிகவும் பிடித்த வசதி இது. மற்ற மென்பொருள்களும் இதைச் செய்தால் பாதிச் சண்டை குறையும். மாடல் இன்ஃபோவில் யூனிட்ஸ் பக்கம் போய் தசமத்தை ஏற்றினால் உண்மை எண் தெரியும். அதே பக்கத்தில் லெங்த் ஸ்னாப்பிங் என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். அது காட்சியோடு நிற்பதில்லை, வரையும்போதே நீளத்தைத் தன் படிக்கு இழுத்துக்கொள்ளும். ~ குறிகளில் சில அதனால் பிறப்பவைதான்.

சிறிய வளைவுகளில் முகம் உருவாகாமல் ஓட்டை விழுகிறது என்றாரே, அது வேறு. ஸ்கெட்ச்அப் 0.001 இஞ்சுக்குள், அதாவது 0.0254 மி.மீ.க்குள் வரும் இரண்டு புள்ளியை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். பெரிதாக்கி வரைந்து கடைசியில் சுருக்குவதுதான் எல்லோரும் செய்வது.

09.01.2025, இரவு 10:05

சரி, எங்கே மூன்றாவது தசமம் கட்டாயம் என்பதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தசமமே தேவையில்லை என்று நான் சொன்னதாக ஆகிவிடும்.

6205 பேரிங், உள்விட்டம் 25. ஷாஃப்டுக்கு கே6 ஃபிட் (பொருத்தத்தின் இறுக்கத்தைச் சொல்லும் குறியீடு) என்று வையுங்கள். 25-க்கு கே6 என்றால் +0.002 முதல் +0.015 வரை. ஷாஃப்ட் 25.002-க்கும் 25.015-க்கும் நடுவில் வர வேண்டும். சாதாரண வகுப்பு பேரிங்கின் துளை 24.990 முதல் 25.000 வரை இருக்கும். எப்படிப் பார்த்தாலும் இரண்டு மைக்ரானாவது (0.002 மி.மீ.) இறுக்கம் கிடைக்கும். அதற்காகத்தான் அந்த +0.002.

இப்போது டாலரன்ஸ் தசமத்தை இரண்டாக வைத்துத் தாளை அச்சடித்தால் +0.02, +0.00 என்று வரும். கீழே இருந்த இரண்டு மைக்ரான் மறைந்துவிட்டது. 25.000-க்கு அரைத்துக் கொடுத்தால் தாளின்படி சரி, ஆனால் 25.000 துளையுள்ள பேரிங் இறுக்கமே இல்லாமல் உட்காரும். நாளடைவில் உள் ரிங் ஷாஃப்டின் மேல் நழுவிச் சுற்றி அந்த இடத்தைத் தேய்த்துவிடும். மேல் பக்கமோ ஐந்து மைக்ரான் கூடிவிட்டது. ஒரு தசமம் குறைந்ததற்கு இவ்வளவும். இதில் அரைப்பவர்மேலும் குற்றம் சொல்ல முடியாது, மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் தாளில் உள்ளபடி பாகம் சரியாகத்தான் இருக்கும். இந்த மாதிரி ரிஜெக்ஷன் ஒரு கூலி வேலைப் பட்டறையின் தலையில் விழுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஆட்டோகேட்டில் டாலரன்ஸ் தசமத்துக்குத் தனியாக டிம்டிடெக் இருக்கிறது. ஃபிட் உள்ள அளவுக்கு அதை மூன்றாக வையுங்கள்.

10.01.2025, மதியம் 12:40

இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) பற்றிக் கேட்டவருக்கு. ஏழு வேன் (இறக்கை) என்றால் ஒவ்வொன்றுக்கும் 51.428571 பாகை. 51.4 என்று போட்டு அடுத்தடுத்துத் திருப்பினால் ஏழாவது வேன் 0.17 பாகை பின்தங்கும். 300 விட்டம் உள்ள இம்பெல்லரின் விளிம்பில் அது கிட்டத்தட்ட 0.45 மி.மீ. மாடலில் 360/7 என்று கொடுங்கள், சர்க்குலர் பேட்டர்னில் எண்ணிக்கை 7, மொத்தம் 360 என்று கொடுத்தால் இன்னும் நல்லது. தாளில் கோணமே வேண்டாம், 'சம இடைவெளியில் 7' என்று எழுதினால் போதும்.

ஆனால் வார்ப்புக்கு மரப் பேட்டர்ன் (மணல் அச்சு எடுக்கும் மர மாதிரி) செய்யும்போது இந்த 0.45 பெரிய விஷயமா என்றால் பெரும்பாலும் இல்லை. காஸ்ட் அயர்ன் ஆறும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்கும் என்று கணக்கு வைத்து கன்ட்ராக்ஷன் ஸ்கேலால் (அந்தச் சுருக்கத்தைச் சேர்த்துக் கோடு போட்ட ஸ்கேல்) அளக்கிற வேலை அது. மணல் அச்சு தன் பங்குக்கு நகரும். அங்கே மூன்று தசமம் எழுதினால் பேட்டர்ன் செய்பவர் வீணாகப் பயப்படுவார், அல்லது மொத்தத் தாளையும் நம்பாமல் விட்டுவிடுவார். இரண்டாவதுதான் அதிகம் நடக்கும்.

10.01.2025, இரவு 9:15

சர்வே கோப்பின்மேல் வீட்டு பிளான் வைத்தால் வட்டமெல்லாம் கோணல்மாணலாகத் தெரிகிறது, கர்சர் குதிக்கிறது என்ற கேள்வி.

யூ.டி.எம். (பூமியின் இடங்களை மீட்டரில் குறிக்கும் முறை) ஆயங்களில் கோயம்புத்தூர் என்பது கிழக்கே சுமார் 7 லட்சம் மீட்டர், வடக்கே சுமார் 12 லட்சம் மீட்டர். கோப்பு 64 பிட்டில் இருப்பதால் அங்கே குறையில்லை. படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டு வழக்கமாக 32 பிட் எண்ணில் வேலை செய்கிறது. அதில் துல்லியம் 24 பிட் மட்டும். 12 லட்சத்துக்குப் பக்கத்தில் அடுத்தடுத்த எண்களுக்கு இடைத்தூரம் 0.125 மீட்டர், அதாவது பன்னிரண்டரை சென்டிமீட்டர். கதவு நிலையின் மூலை ஐந்தாறு சென்டிமீட்டர் நகர்ந்து தெரிந்தால் ஆச்சரியமில்லை. மூலைக்கல் ஒன்றை 0,0 ஆக வைத்து பிளானை அங்கே வரையுங்கள். சர்வே ஆயத்தோடு சேர்க்க வேண்டிய எண்ணைத் தாளில் குறித்து வையுங்கள். கட்டட மென்பொருளான ரெவிட்டில் இதற்கு எல்லையே உண்டு, மூலப்புள்ளியிலிருந்து மிகத் தொலைவு போனால் எச்சரிக்கும்.

பைனரி எஸ்.டி.எல். கோப்பும் (வடிவத்தை முக்கோணங்களாக வைக்கும் கோப்பு) 32 பிட்தான். மூலப்புள்ளியிலிருந்து மிகத் தொலைவில் பாகத்தை வைத்துவிட்டு 3டி பிரிண்டுக்கு எஸ்.டி.எல். எடுத்தால் வளைவுகள் படிப்படியாக நறுங்கும்.

அமெரிக்க வேலை எடுத்துச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே அடி இரண்டு வகை. ஒன்று 0.3048 மீட்டர். மற்றது பழைய சர்வே அடி, 1200-ஐ 3937-ஆல் வகுத்த மீட்டர். வேறுபாடு பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான். ஆனால் ஆயம் 20 லட்சம் அடி என்று இருந்தால் கட்டடம் நான்கு அடி தள்ளிப் போய்விடும். 2022-ஓடு அந்த சர்வே அடி ஓய்வு பெற்றுவிட்டது, பழைய கோப்புகளில் இன்னும் வரும். ஆட்டோகேட் அலகுப் பட்டியலில் இரண்டும் தனித்தனியாக இருக்கும், பார்த்து எடுங்கள்.

11.01.2025, காலை 7:10

சி.என்.சி. (கணினி இயக்கும் மிஷின்) பக்கம் சுருக்கமாக. ஃபானுக் கன்ட்ரோலில் வழக்கமான மிகச் சிறிய படி 0.001 மி.மீ. நான்காவது தசமம் எழுதினாலும் மிஷின் அதற்கு அசையாது. பல மிஷின்களில் புள்ளி இல்லாமல் எக்ஸ்100 என்று எழுதினால் 0.1 மி.மீ. மட்டுமே நகரும், எக்ஸ்100. என்று புள்ளி வைத்தால்தான் 100 மி.மீ. உங்கள் எட்டுத் துளையை ஜி91 (இருக்கும் இடத்திலிருந்து இவ்வளவு நகர் என்ற கட்டளை) வைத்து 142.86 என்று ஏழு தடவை ஓட்டினால் கடைசித் துளை 1000.02-ல் விழும். ஜி90-ல் (எல்லாம் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து) ஏழாம் தேதி சொன்ன ஆயங்களை வரிசையாகக் கொடுங்கள். வட்ட வில்லில் மையத்தையும் முனையையும் தாராளமாகக் குறுக்கினால் ஆரம் ஒத்துவரவில்லை என்று அலாரம் எண் 20 வந்து நின்றுவிடும்.

11.01.2025, இரவு 9:50

5-ல் முடிந்தால் மேலே தள்ளுவதா கீழே தள்ளுவதா என்று ஒருவர் விடாமல் கேட்கிறார். நம் நாட்டுத் தரம் ஐ.எஸ். 2, அதன்படி சரியாகப் பாதியில் நின்றால் கடைசி இலக்கம் இரட்டைப்படை ஆகும்படி தள்ள வேண்டும். 2.45 என்பது 2.4, 2.35 என்பதும் 2.4. எப்போதும் மேலேயே தள்ளினால் கூட்டுத்தொகை மெல்ல மேலே ஏறிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. மென்பொருள்கள் எல்லாம் இதைப் பின்பற்றுவதில்லை. இதோடு முன்னால் சொன்ன இருமக் கதையும் சேரும்: 2.675 என்று நாம் கொடுத்தாலும் உள்ளே இருப்பது 2.67499999 என்பதுபோல ஓர் எண், அதனால் இரண்டு தசமத்தில் 2.67 என்று வரலாம்.

இதைவிட அடிக்கடி கடிப்பது இரண்டு தடவை குறுக்குவது. மாடலில் 2.4549. தாளில் மூன்று தசமம், 2.455. தாளைப் பார்த்து எக்ஸெல்லில் இரண்டு தசமம் போட்டால் 2.46. நேராகக் குறுக்கியிருந்தால் 2.45. குறுக்குவது ஒரே தடவை, கடைசி இடத்தில்.

12.01.2025, காலை 10:25

முதல் நாள் 'எட்டு இடம் வேண்டாம்' என்று எழுதினேன். யோசித்துப் பார்த்தால் அதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். தாளுக்கு வேண்டாம். மாடல் வரையும்போது திரையில் தாராளமாக எட்டு வையுங்கள். 142.85714286 என்று கண்ணில் பட்டால் இது வகுத்து வந்த எண் என்று உடனே தெரியும். 99.99999998 என்று பட்டால் எங்கோ ஒரு கோடு சாய்ந்திருக்கிறது அல்லது ஸ்னாப் தவறிப் பக்கத்துப் புள்ளியைப் பிடித்திருக்கிறது என்று தெரியும். இரண்டு தசமம் வைத்து வரைந்தால் அது 100.00 என்று நல்ல பிள்ளையாக நிற்கும். நான் எல்.யூ.ப்ரெக்கை எப்போதும் 8-லேயே வைத்திருக்கிறேன், டிம்டெக்கை அந்தந்த அளவின் டாலரன்ஸைப் பார்த்து வைக்கிறேன்.

தாளுக்கு ஏன் வேண்டாம் என்பதற்கு வெப்பம் ஒன்றே போதும். அளவுகளுக்கான சர்வதேச வெப்பநிலை 20 டிகிரி. ஸ்டீல் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 11.5 மைக்ரான் அளவில் நீளும். மதியம் 35 டிகிரியில் பட்டறையில் கிடக்கும் உங்கள் 1000 மி.மீ. பிளேட் ஏற்கெனவே 0.17 நீண்டிருக்கிறது. அளக்கும் ஸ்கேலும் ஸ்டீலாக, அதே சூட்டில் இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. எட்டாவது தசமத்தை அங்கே யார் அளப்பது?

12.01.2025, மாலை 5:40

திருத்திய ட்ராயிங் பார்த்தேன். ஆர்டினேட் அளவு நன்றாக வந்திருக்கிறது. பட்டறையில் ஏற்றுக்கொண்டார்கள் என்று கேட்டதில் சந்தோஷம்.

இன்னும் ஒரு திருத்தம் மிச்சம். துளை 17.5, போல்ட் எம்16 (விட்டம் 16 மி.மீ.) என்று போட்டிருக்கிறீர்கள். மேலே கீழே இரண்டு பிளேட்டிலும் வெறும் துளை என்றால் 1.5 மி.மீ. ஆட்டம் இருக்கிறது. துளைகளுக்கு ±0.5, ±0.8 என்று பொதுவில் விடாமல் பொசிஷன் டாலரன்ஸ் (துளையின் மையம் இந்த வட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு) விட்டம் 1.5 வரை தைரியமாகக் கொடுக்கலாம். கீழே மரை போட்ட துளை என்றால் அந்த ஆட்டத்தை இரண்டு பிளேட்டும் பங்கு போட வேண்டும், ஆளுக்கு 0.75. அப்படிக் கொடுக்கும்போது இடத்தைக் குறிக்கும் அளவுகளைக் கட்டத்துக்குள் போட வேண்டும். அவற்றுக்குத் தனி டாலரன்ஸ் கிடையாது, எழுதியது எழுதியபடியே உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள்.

இங்கேதான் கவனம் வேண்டும். சங்கிலியாக ஏழு தடவை 142.86 என்று கட்டத்துக்குள் போட்டால், சட்டப்படி உங்கள் கடைசித் துளை 1000.02-ல்தான். டாலரன்ஸ் சேராது, குறுக்கிய மிச்சம் சேரும். அதனால் கட்டத்துக்குள்ளும் முதல் துளையிலிருந்தே கொடுங்கள், 0 தொடங்கி 1000 வரை. கீழ் பிளேட்டின் ட்ராயிங்கிலும் அதே எட்டு எண்கள் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டபிறகு அனுப்புங்கள்.